கொட்டையிலும் ஓர் அமானிதம்

 

  

ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் நாம் ஒவ்வொருவரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கிறோம். பழம் வாய்க்குள் செல்கிறது; கொட்டை தட்டின் ஓரத்தில் ஒதுங்குகிறது. பிறகு அது கூட்டி அள்ளப்பட்டுக் குப்பைக்குப் போய்விடுகிறது. அந்தக் கொட்டையைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கவிருக்கிறோம். கொட்டையைப் பற்றி ஒரு ஜும்ஆ உரையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்தச் சிறு பொருளைச் சுற்றி இன்று இரண்டு தவறுகள் நடக்கின்றன. அதன் மதிப்பை அறியாமல் வீணாக்குவது ஒன்று. அதில் இல்லாத மதிப்பைப் பொய்யாக ஏற்றி, நோயாளிகளிடம் விற்பது மற்றொன்று. படைத்தவன் தந்த பொருளும் அமானிதம். அந்தப் பொருளைப் பற்றி நாம் பேசும் சொல்லும் அமானிதம். இரண்டிலும் நாம் விசாரிக்கப்படுவோம்.

இறைமறை காட்டும் கொட்டை

திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயமான அல்அன்ஆமின் 95ஆம் வசனம், தானிய வித்தையும் பழக் கொட்டையையும் பிளந்து உயிரை வெளிப்படுத்துபவன் அல்லாஹ்வே என்று அறிவிக்கின்றது. தன் வல்லமைக்குச் சான்றாக வானங்களையும் கதிரவனையும் குறிப்பிடும் இறைவன், அதே வரிசையில் கொட்டையையும் வைத்திருக்கிறான்.

இதைவிட நுட்பமான மற்றொரு செய்தியும் உண்டு. பேரீச்சங்கொட்டையின் மூன்று சிறு பகுதிகளைத் திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுக்குக் கித்மீர் என்று பெயர். அதன் பிளவில் கிடக்கும் நூல் போன்ற இழைக்கு ஃபதீல் என்று பெயர். முதுகுப்புறத்தில் உள்ள ஊசிமுனை அளவான குழிக்கு நகீர் என்று பெயர். அல்லாஹ்வையன்றி அழைக்கப்படுவோர் ஒரு கித்மீருக்கும் உரிமையாளர் அல்லர் என்ற கருத்தை 35ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் காண்கிறோம். நற்செயல் புரிந்த இறைநம்பிக்கையாளர் எவருக்கும் நகீர் அளவும் அநீதி இழைக்கப்படாது என்ற கருத்து 4ஆம் அத்தியாயத்தின் 124ஆம் வசனத்தில் வருகிறது. அதே அத்தியாயத்தின் 49ஆம் வசனம் ஃபதீலைக் கூறுகின்றது. மறுமையின் நீதித் தராசுக்கு எடைக்கல்லாகக் காட்டப்பட்ட பொருள் இது! அற்பமானது என்று எப்படி ஒதுக்குவது?

அந்த நகீர் என்னும் குழியின் அடியில்தான் முளைக்கரு உறங்குகிறது. அங்கிருந்துதான் முளை வெளிவருகிறது. சாக்கடலை அடுத்த மஸாதா கோட்டை இடிபாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, சுமார் 2000 ஆண்டுகள் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005ஆம் ஆண்டு நடப்பட்டு முளைத்தது. இருபது நூற்றாண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த உயிரை வெளிக்கொணர்ந்தவன் யார்? கொட்டையைப் பிளப்பவன் அவனே அல்லவா!

நபித்தோழி சுமந்த சுமை

அபூபக்ர் (ரலி) அவர்களின் அருமை மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். ஸுபைர் (ரலி) அவர்களை மணந்த தொடக்கக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிரச் சொத்து எதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு வழங்கிய நிலத்திலிருந்து, ஏறத்தாழ 2 மைல் தூரம், பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்ததாக அஸ்மா (ரலி) அவர்களே அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்தக் கொட்டைகளை இடித்துக் கால்நடைக்குத் தீனியாக இட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். முதல் கலீஃபாவாக வரவிருந்தவரின் மகள் கொட்டையைச் சுமக்கிறார்! மதீனத்துச் சமுதாயத்தில் பழம் மனிதருக்கும், கொட்டை கால்நடைக்கும், ஓலையும் மட்டையும் கூரைக்கும் பாய்க்கும் சென்றன. எறிவதற்கென்று எதுவும் மிஞ்சவில்லை. வீண்விரயத்தைக் குறிக்கத் திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் ஆளும் சொல் தப்தீர். அதன் வேர் விதையைக் குறிக்கும் பத்ர் என்னும் அரபுச் சொல். விதையைக் கண்ட இடத்தில் வாரி இறைப்பது என்பதே அதன் அடிப்படைப் பொருள். அவ்வாறு வாரி இறைப்போரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அந்த அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கண்டிக்கின்றது.

கொட்டைக்குள் இருப்பது என்ன?

இன்று உலகில் ஆண்டுதோறும் 90 லட்சம் டன்னுக்கு மேல் பேரீச்சம்பழம் விளைகிறது. பழத்தின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொட்டை. ஆக, ஆண்டுக்கு 9 லட்சம் டன் அளவுக்குக் கொட்டை சேர்கிறது. பேரீச்சம்பழப் பாகும் மிட்டாயும் செய்யும் ஆலைகளில் இது மலைபோல் குவிகிறது. ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகிறது, பெரும்பகுதி வீணாகிறது.

அந்தக் கொட்டை கல்லைப் போல் கடினமாக இருப்பதன் காரணம் என்ன? முளைக்கும் கன்றுக்கான உணவை இறைவன் அதன் உயிரணுச் சுவர்களிலேயே தடித்த நார்ப்பொருளாகச் சேமித்து வைத்திருக்கிறான். முளை விடும்போது அந்தக் கடினம் கரைந்து குழந்தைக் கன்றுக்குப் பாலாகிறது. மனிதருக்கு அது செரிக்காத நார். கொட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த நார்தான். மலச்சிக்கலைத் தவிர்க்கவும், உண்ட உணவின் சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறாமல் தடுக்கவும் நார்ச்சத்து பொதுவாக உதவுகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. இதனுடன் சிறிதளவு புரதமும், நூற்றுக்கு 5 முதல் 13 பங்கு வரை எண்ணெயும் உள்ளன. அந்த எண்ணெயில் மிகுதியாக இருப்பது ஆலிவ் எண்ணெயிலும் காணப்படும் ஒலியிக் அமிலம்.

கொட்டைத் தூளை நாவில் வைத்தால் துவர்க்கும். அந்தத் துவர்ப்பைத் தருபவை பாலிஃபீனால் எனப்படும் தாவரப் பொருள்கள். தேயிலைக்கும் திராட்சை விதைக்கும் துவர்ப்பைத் தருபவையும் இவற்றின் இனமே. பூச்சியும் பூசணமும் தாக்காமல் விதையைக் காக்கும் காவலர்கள் இவை. ஓமன் நாட்டுப் பேரீச்சை வகைகளில் நடந்த ஆய்வில், 100 கிராம் கொட்டையில் 3 முதல் 4 கிராம் வரை இவ்வகைப் பொருள்கள் காணப்பட்டன. பழத்தின் சதையில் இருப்பதைவிட இது பன்மடங்கு அதிகம். நாம் உண்பதைவிட எறிவதில் இவை மிகுதி!

உணவாகும் வழிகள்

அரபு நாடுகளில் பேரீச்சங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் காப்பி போல் பருகும் வழக்கம் உண்டு. அதில் காப்பியின் கஃபீன் இல்லை. ஆகவே இரவில் பருகினாலும் உறக்கம் கெடாது. 1994ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில், கோதுமைத் தவிட்டுக்கு மாற்றாகக் கொட்டைத் தூளை ரொட்டி மாவில் கலந்து ஆராய்ந்து பார்த்தார்கள். அதன் பின்னர் பிஸ்கட், தயிர் எனப் பல உணவுகளில் இந்தத் தூளைச் சேர்க்கும் ஆய்வுகள் நடந்து வருகின்றன.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். வாயிலிருந்து எடுத்த கொட்டை வேண்டாம். அல்வாவுக்கோ பாயசத்துக்கோ பழத்தைக் கையால் பிரிக்கும்போது கிடைக்கும் கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். சதை முற்றிலும் நீங்கக் கழுவி, வெயிலில் இரண்டு மூன்று நாள் நன்றாக உலர்த்துங்கள். இரும்புச் சட்டியில் சிறு தீயில், நிறம் கருமையாக மாறி மணம் எழும் வரை வறுத்து ஆறவிடுங்கள். முதலில் உரலில் இடித்து நொறுக்கிய பின்னரே மிக்ஸியில் போட வேண்டும். முழுக் கொட்டையைப் போட்டால் பிளேடு உடையும். சலித்த தூளில் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிப் பருகலாம். ஈரம் படாமல் மூடி வைப்பது முக்கியம்.

நம் முன்னோரும் கொட்டையின் அருமையை அறிந்தவர்களே. பலாக்கொட்டையைச் சுட்டும் வேகவைத்தும் உண்பது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். பச்சைப் பலாக்கொட்டையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. வேகவைத்தால் அது அழிந்துவிடும். புளியங்கொட்டையை வறுத்து மென்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதே புளியங்கொட்டையின் மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சியாகிறது. ஜப்பானில் உணவைக் கெட்டியாக்கப் பயன்படுகிறது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு கோகோ வெண்ணெயை ஒத்தது. சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்றாக அதை ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் விதியில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் சகோதரர்களே! அதே மாங்கொட்டைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஒடிசாவின் ராயகடா மாவட்டத்துக் காசிப்பூர் பகுதியில், மாங்கொட்டைக் கூழ் உண்ட பழங்குடி மக்கள் பலர் மாண்டனர். 2024ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் கந்தமால் மாவட்டத்திலும் அத்தகைய துயரம் நிகழ்ந்தது. மழைக்காலத்தில் வீட்டில் தானியம் தீர்ந்துபோகும்போது, சேமித்து வைத்த மாங்கொட்டைப் பருப்பே அம்மக்களின் உணவு. மழை ஈரத்தில் பூசணம் பிடித்தால் அதுவே நஞ்சாகிவிடும். ஒருவருக்குச் சாக்லேட்டாகும் கொட்டை மற்றொருவருக்கு மரணமாகிறது. இடையே நிற்பது வறுமை. பாதிப் பேரீச்சம்பழத்தைத் தர்மம் செய்தாவது நரகிலிருந்து தப்பித்துக்கொள்ளுமாறு நமக்குக் கற்பித்த மார்க்கம் இது. நம் தட்டில் மிஞ்சுவதைப் பற்றிப் பேசும்போது, தட்டே இல்லாதவர்களை மறந்துவிடலாகாது.

எல்லாக் கொட்டையும் உணவன்று

படைப்பில் எதுவும் வீண் இல்லை. அதற்காக எல்லாமே உண்பதற்கு உரியது என்று ஆகிவிடாது. ஆப்ரிகாட் என்னும் சர்க்கரை பாதாமியின் கசப்புப் பருப்பிலும், பீச், பிளம், செர்ரி, ஆப்பிள் ஆகியவற்றின் விதைப் பருப்பிலும் அமிக்டாலின் என்ற பொருள் இருக்கிறது. அதே பருப்பில் தனி அறையில் ஒரு நொதியும் இருக்கிறது. மெல்லும்போதும் அரைக்கும்போதும் இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படுகிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் உடலின் உயிரணுக்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் இந்த நஞ்சு தடுத்துவிடும். பச்சை ஆப்ரிகாட் பருப்பில் சிறியவை மூன்றுக்கு மேல் ஒரே வேளையில் உண்டால் பெரியவர்களுக்கே பாதுகாப்பு அளவு மீறக்கூடும். சிறு குழந்தைக்கு ஒரு சிறு பருப்பே அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டு எச்சரித்தது.

இந்தப் பருப்பைத்தான் வைட்டமின் பி-17 என்ற பொய்ப் பெயரிட்டுப் புற்றுநோய்க்கு மருந்து என்று பரப்புகிறார்கள். அப்படி ஒரு வைட்டமின் இல்லை. அமிக்டாலினை 178 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து அமெரிக்க மருத்துவர்கள் செய்த ஆய்வின் முடிவு 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. நோய் தீரவில்லை, ஆயுளும் நீளவில்லை, சிலருக்குச் சயனைடு நஞ்சின் அறிகுறிகளே தோன்றின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பொய் கைப்பேசிகளில் உலா வந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் ஊர்ச் சீத்தாப்பழ விதையும் நச்சுடையது. பேனுக்கு மருந்தென்று அதை அரைத்துப் பிள்ளைகளின் தலையில் தடவும்போது, கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகிய நிகழ்வுகளை நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். தாய்மார்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அஜ்வாவின் பெயரால்

இப்போது நம் சமுதாயத்துக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன். அஜ்வா கொட்டைத் தூள் என்ற பெயரில், இருதய அடைப்பு நீங்கும், அறுவைச் சிகிச்சை வேண்டாம், சர்க்கரை நோய் தீரும் என்று கூறிப் புட்டிகள் விற்கப்படுகின்றன. ஆதாரமாக ஒரு நபிமொழியும் காட்டப்படுகிறது.

அந்த அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். அவருடைய நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்கள். மதீனத்து அஜ்வாப் பழங்கள் ஏழை அவற்றின் கொட்டைகளுடன் இடித்துப் புகட்டுமாறு கூறினார்கள் என்பது அதன் கருத்து. இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர். அது ஒருபுறம் இருக்கட்டும். விற்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று அதே அறிவிப்பில் இருக்கிறது. ஸகீஃப் கோத்திரத்து ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லும்படியும், அவர் மருத்துவம் செய்பவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவே அது அமைந்துள்ளது. அதாவது, எந்த அறிவிப்பைக் காட்டி மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்கிறார்களோ, அந்த அறிவிப்பே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புகிறது!

அறிவியல் கூறுவதையும் நேர்மையாகச் சொல்வோம். சோதனைக் குழாயிலும் எலிகளிலும் பேரீச்சங்கொட்டைச் சாறு நல்ல விளைவுகளைக் காட்டியிருக்கிறது. ஆனால் குழாயில் நடப்பதெல்லாம் உடலில் நடப்பதில்லை. உண்ட பாலிஃபீனால்களில் சிறு பகுதியே குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. ஆகவே பேரீச்சங்கொட்டை நார் நிறைந்த உணவுப் பொருள் என்று சொல்வது உண்மை. இருதய அடைப்பை நீக்கும் மருந்து என்று சொல்வது ஆதாரமற்ற கூற்று.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் நஸாயீயிலும் இப்னுமாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் சட்டமும், புற்றுநோய், சர்க்கரை நோய், இருதய நோய் போன்றவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. இருதய அடைப்புள்ள ஒரு தந்தை இந்தத் தூளை நம்பி மாத்திரையை நிறுத்தி மாரடைப்பில் மாண்டால், அந்த உயிருக்கு விற்றவர் மட்டுமா பொறுப்பு? நபி (ஸல்) அவர்களின் பெயரைச் சொல்லி அந்தச் செய்தியைப் பலருக்கும் அனுப்பிய நம் விரலும் பொறுப்பில்லையா? அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற 17ஆம் அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தின் எச்சரிக்கை நமக்கும் உரியதல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

அருமைச் சகோதரர்களே! நம் இல்லங்களில் உணவின் எந்தப் பகுதியையும் எறிவதற்கு முன் ஒரு கணம் சிந்திப்போம். உண்ணத்தக்க கொட்டையை உண்போம். இயலாததைக் கால்நடைக்கோ மண்ணுக்கோ கொடுப்போம். எந்தக் கொட்டை நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். உணவை உணவாகவும் மருந்தை மருந்தாகவும் வைத்திருப்போம். மருத்துவர் தந்த மாத்திரையை எவர் சொல்லையும் கேட்டு நிறுத்தாதிருப்போம். மார்க்கத்தின் பெயரால் ஒரு மருத்துவச் செய்தி வந்தால், ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளியும் வரை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். பள்ளிவாசல் நிர்வாகிகளும் இத்தகைய புட்டிகளைப் பள்ளி வாசலில் விற்க இடம் தராதிருக்க வேண்டுகிறேன்.

நகீர் அளவும் அநீதி இழைக்காத இறைவன், நம் பொருளிலும் சொல்லிலும் நேர்மையைத் தந்தருள்வானாக! அவன் தந்த அருட்கொடைகளை வீணாக்காமலும், அவற்றின் பெயரால் பொய்யுரைக்காமலும் வாழும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! பசித்தோருக்கு உணவும், நோயுற்றோருக்குச் சுகமும் அருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!